லோரியின் புகை வடிகட்டி எத்தனை நாளுக்கு ஒரு முறை தன்னைச் சுத்தம் செய்ய வேண்டும்?

கிள்ளான் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நம்மவர்கள் ஏராளம். கொள்கலன் லோரி ஓட்டுபவர்கள், சொந்தமாக ஒன்றிரண்டு லோரி வைத்து மளிகைச் சாமானும் கட்டுமானப் பொருளும் ஏற்றுபவர்கள், தோட்டத்திலிருந்து செம்பனைக் குலையை ஆலைக்குக் கொண்டு போகிறவர்கள் என்று இந்தத் தொழிலில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் புதிய லோரிக்கு மாறியவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு புதிய தலைவலி வந்திருக்கிறது. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள மீட்டர் தட்டில் எரியும் வடிகட்டி விளக்குதான் அது.

டிபிஎஃப் என்று பட்டறைகளில் சொல்லப்படும் புகைக்கரி வடிகட்டி நிறைந்துவிட்டால் இந்த விளக்கு எரியும். சில ஜப்பானிய லோரிகளில் இதையே டிபிடி என்றும் டிபிஆர் என்றும் எழுதியிருப்பார்கள். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான். பழைய லோரிகளில் இது கிடையாது. அதனால் இருபது முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டிய அனுபவசாலிக்கும் இது புதிதாக இருக்கிறது.

"எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை இது எரிய வேண்டும்?" என்பதே பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் லோரிக்கு எது வழக்கம், எது கோளாறு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஆயிரக்கணக்கான வெள்ளியை இழக்கிறார்கள். சிலர் பொறுமை இழந்து வடிகட்டியையே அறுத்து எறிந்துவிடுகிறார்கள். அதன் விலையை ஊரே மூச்சுக்காற்றில் கொடுக்கிறது.

வடிகட்டிக்குள் என்ன நடக்கிறது?

வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. அதன் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே எஞ்சின் புகை நேராக வெளியேற முடியாது. நுண்துளைகள் உள்ள சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனால்தான் வெளியேற வழி. காற்று போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி, புகையில் உள்ள கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும்.

பிடித்த கரியை எரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணறும். கரி தானாக எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பட்டணத்தில் நின்று நின்று போகும் லோரியின் புகைக்கு அவ்வளவு சூடு வராது.

இதனால் இரண்டு விதமாகச் சுத்தம் நடக்கிறது. பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகை 300 பாகை அளவுக்குச் சூடாகிறது. அப்போது புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவே கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது. இதற்குத் தனியாக டீசலும் செலவாகாது.

இரண்டாவது முறையில் எஞ்சினின் கணினி வேலை செய்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டையும், ஓடிய நேரத்தையும் வைத்து எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று அது கணக்குப் போடும். வரம்பை எட்டியதும் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் செலுத்தி, புகைக்குழாயில் உள்ள வினையூக்கியில் எரியவைத்து வெப்பத்தை 600 பாகைக்கு ஏற்றும். ஓடும்போதே நடந்தால் பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடும்போது முடிக்க முடியாமல் போனால் விளக்கு மினுக்கி, லோரியை ஓரமாக நிறுத்திப் பொத்தானை அழுத்தச் சொல்லும். அப்படி நின்ற இடத்தில் எரிக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

மூன்று லோரி, மூன்று கணக்கு

ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி லோரிகள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதல் லோரி கிள்ளானில் பாரம் ஏற்றி இரவோடு இரவாக ஜொகூருக்கோ பினாங்குக்கோ போகிறது. மணிக்கணக்கில் எஞ்சின் சூடாக ஓடுவதால் கரி போகிற போக்கில் எரிந்துவிடும். கணினி தலையிட்டு எரிக்க வேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும். நெடுந்தூர லோரிகளில் அந்த இடைவெளி ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினாலும் வியப்பில்லை.

இரண்டாவது லோரி காலையில் கிள்ளானில் கிளம்பி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நான்கு கடைக்குச் சாமான் இறக்கி, மாலையில் மறுபடியும் நெரிசலில் திரும்புகிறது. எஞ்சின் பாதி நேரம் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். கரி சேரும், சூடு வராது. இந்த லோரிக்குச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை சுத்தம் நடப்பது இயல்பு.

மூன்றாவது லோரி கேரித் தீவு போன்ற செம்பனைத் தோட்டப் பகுதியில் குலை ஏற்றி ஆலைக்கும் தோட்டத்துக்குமாகக் குறுந்தூரம் ஓடுகிறது. செம்மண் பாதையில் இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஆலை வாசலில் எடைக்காகக் காத்திருப்பு. கிலோமீட்டர் மீட்டர் அதிகம் நகராது, ஆனால் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடியிருக்கும். இந்த மாதிரி வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட எஞ்சின் ஓடிய மணிக்கணக்குதான் சரியான அளவுகோல்.

இதிலிருந்து தெரிவது என்ன? பக்கத்து வீட்டுக்காரரின் லோரிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எரிகிறது, நமக்கு 250-க்கே எரிகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் லோரியின் கணக்கை அதே லோரியின் பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டும். அதே பாதை, அதே பாரம், ஆனால் 300 கிலோமீட்டராக இருந்த இடைவெளி 200 ஆகி, பிறகு 100-க்கும் கீழே வந்தால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

இடைவெளி குறைந்தால் எங்கே பார்ப்பது?

வடிகட்டி தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் எஞ்சினில் வேறெங்கோ உள்ள நோயைத்தான் அது காட்டிக் கொடுக்கிறது.

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினால் கரி கூடும். டர்போவின் ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தால் கரி கூடும். காற்று வடிகட்டி அடைத்தாலும், புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு சிக்கிக்கொண்டாலும் அதே கதைதான். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது. சில வேளைகளில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டு, காலியான வடிகட்டியை நிறைந்தது என்று கணினிக்குப் பொய் சொல்லும். இதையெல்லாம் பார்க்காமல் பட்டறையில் கட்டாயமாக எரித்துவிட்டு விளக்கை மட்டும் அணைத்தால், அடுத்த வாரமே விளக்கு திரும்பி வரும்.

இன்னொன்று சாம்பல். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் எண்ணெயில் உள்ள உலோகக் கலவைகள் எரிந்து வடிகட்டியில் சாம்பலாகத் தங்கிவிடும். எத்தனை முறை சூடாக்கினாலும் அது போகாது. வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய இயந்திரத்தில் ஊதித்தான் எடுக்க வேண்டும். பெரிய லோரிகளில் இந்த வேலை சில லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் வர வேண்டும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று சாம்பல் அதிகமுள்ள சாதாரண எண்ணெயை ஊற்றினால் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். ஜப்பானிய லோரிக்கு டிஎச்-2, ஐரோப்பிய லோரிக்கு ஈ6 போன்ற குறியீடுகள் எண்ணெய் டின்னில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு உரியது.

எரியும்போது பாதியில் எஞ்சினை நிறுத்திவிடும் பழக்கமும் கேடு. கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் எண்ணெயில் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் எண்ணெய் தண்ணீர்போல நீர்த்துவிடும். எண்ணெய் அளவுக்கோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். உடனே எண்ணெயை மாற்ற வேண்டும்.

நம் நாட்டு டீசல்

வடிகட்டிக்கு முதல் எதிரி கந்தகம். தீபகற்ப மலேசியாவில் நீண்ட காலம் விற்கப்பட்ட யூரோ 2எம் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். யூரோ 5 டீசலில் வரம்பு 10 பங்குதான். 2021 ஏப்ரல் 1 முதல் யூரோ 5 டீசல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. வடிகட்டி உள்ள லோரிகள் இங்கே நிம்மதியாக ஓடுவதற்கான அடிப்படை அன்றுதான் அமைந்தது. இன்று முறையான நிலையத்தில் நிரப்பினால் டீசலைக் குறை சொல்ல இடமில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று எங்கிருந்தோ டிரம்மில் வரும் டீசலை வாங்கினால்தான் ஆபத்து.

அடுத்தது செம்பனை. போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் கலப்பு 2019-இல் வந்தது. தோட்டத்தில் நம்மவர் வெட்டும் குலை இந்த வழியில் லோரியின் தொட்டிக்கும் வருகிறது. வடிகட்டியைப் பொறுத்தவரை இதில் நன்மையும் உண்டு, கவனிக்க வேண்டியதும் உண்டு. செம்பனை டீசல் கலந்து எரியும்போது கரி குறைகிறது, வரும் கரியும் எளிதில் எரிகிறது. ஆனால் அது சாதாரண டீசலைப்போல விரைவில் ஆவியாவதில்லை. ஆகவே எஞ்சின் எண்ணெயில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். அடிக்கடி எரியும் லோரிக்கு எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வெள்ளிக் கணக்கு

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது. தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்குச் சலுகை அட்டை மூலம் 2 வெள்ளி 15 சென் விலை தொடர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு லிட்டரையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முறை எரிக்க 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோரி மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை எரிந்தால் மாதத்துக்கு 20 முறை. கோளாறு காரணமாக 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை எரிந்தால் 60 முறை. கூடுதல் 40 முறைக்கு 80 லிட்டர். 3 வெள்ளி 35 சென் விலையில் அது 268 வெள்ளி. சலுகை விலையிலும் 172 வெள்ளி. அந்த 40 முறையும் லோரியை நிறுத்தி அரை மணி நேரம் எரிக்க வேண்டியதாகிவிட்டால் மாதத்தில் 20 மணி நேரம் போய்விடும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அது நேரடி இழப்பு.

ஓர் இன்ஜெக்டரை நேரத்தோடு கவனிப்பதா, இந்தச் செலவை மாதாமாதம் சுமந்து கடைசியில் வடிகட்டியையே மாற்றுவதா என்று முதலாளிகள் யோசிக்க வேண்டும்.

அறுத்தெறிவது தீர்வா?

சில பட்டறைகளில் இதற்குக் குறுக்கு வழி சொல்வார்கள். வடிகட்டியின் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, கணினியின் நிரலை மாற்றிவிட்டால் விளக்கு எரியாது. லோரியும் ஓடும். புகையும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பிறகு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள்.

கெடுவது நுரையீரல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. அதே வகையில்தான் சிகரெட் புகையும் கல்நாரும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்கரிதான் நுரையீரலின் அடி ஆழம் வரை போகிறது. அதை முதலில் சுவாசிப்பவர் லோரி ஓட்டுநர். அடுத்தது துறைமுகச் சாலையோரக் குடியிருப்பில் இருப்பவர்கள், பள்ளி வாசலில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள். 2005 ஆகஸ்ட் 11 அன்று புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புகை வெளியிலிருந்து வந்து பிறகு கலைந்தது. லோரிப் புகை நாம் உண்டாக்குவது, அது நாள்தோறும் இங்கேயே இருக்கிறது.

நம் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு டீசல் புகை விதிகளின்படி ஓடும் வாகனத்தின் புகை அடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. இந்தச் சோதனை கரும்புகை கக்கும் பழைய லோரியைப் பிடிக்க வகுத்தது. புதிய எஞ்சினில் வடிகட்டியை எடுத்துவிட்டாலும் இந்தச் சோதனையில் தேறிவிட முடியும். ஐரோப்பாவும் இதே சிக்கலைச் சந்தித்தது. புகையின் கருமையை அளக்கும் கருவியால் வடிகட்டி இல்லாத வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இல் துகள்களை எண்ணும் கருவியை வாகனச் சோதனையில் கொண்டு வந்தன.

ஜப்பானின் அனுபவமும் நமக்குப் பாடம். 2003 அக்டோபரில் தோக்கியோவும் அதன் அண்டை மாநிலங்களும், கரி வரம்பை மீறும் டீசல் லோரிகள் உள்ளே வரத் தடை விதித்தன. பழைய லோரிகளுக்கு வடிகட்டி பொருத்த அரசு மானியம் கொடுத்தது. அடுத்த ஆண்டே மிட்சுய் நிறுவனம், தன் குழுமம் விற்ற 21,000-க்கும் மேற்பட்ட வடிகட்டிகளின் சோதனைத் தரவுகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டவை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதாது, சோதனையும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை அந்த விவகாரம் காட்டியது.

அண்டை நாடான சிங்கப்பூர் 2018 ஜனவரி முதல் புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 6 தரத்தைக் கட்டாயமாக்கியது. இந்தியா 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 தரத்துக்குத் தாவியது. நாமக்கல் லோரிக்காரர்களும் அப்போதிலிருந்து இந்த விளக்கோடுதான் வாழப் பழகினார்கள். நம் நாடும் அந்தத் திசையில்தான் போகும். வடிகட்டியோடு வாழக் கற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

யார் என்ன செய்யலாம்?

ஓட்டுநர்கள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை எரியும்போதும் தேதி, மீட்டர் எண், அன்று ஓடிய பாதை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் லோரியின் வழக்கம் தெரிந்துவிடும். எரிந்துகொண்டிருக்கும்போது காய்ந்த லாலாங் புல், குப்பை, எரிபொருள் உள்ள இடங்களுக்கு அருகில் நிறுத்தாதீர்கள். புகைக்குழாயின் வாய் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது குளிர்சாதனத்துக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடுவது கரி சேர முக்கியக் காரணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலாளிகள் ஓட்டுநருக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். "விளக்கைப் பார்க்காதே, முதலில் சாமானை இறக்கு" என்று சொல்லிவிட்டு, வடிகட்டி கெட்டதும் ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைப்பது நியாயமில்லை, சட்டமும் அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்பதை வரையறுத்திருக்கிறது. அதற்கு வெளியே முதலாளி தன் விருப்பத்துக்குப் பிடிக்க முடியாது. அப்படிப் பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். நோட்டில் எழுதி வைத்த கணக்கு அன்று சாட்சியாக நிற்கும்.

துறைமுக நிர்வாகங்கள் லோரிகள் வரிசையை மறிக்காமல் ஓரமாக நின்று எரிக்க, புல்லும் எரிபொருளும் இல்லாத திறந்தவெளி ஒன்றை ஒதுக்கலாம். வடிகட்டி உள்ள லோரிகள் பெருகப் பெருக இந்தத் தேவை கூடும்.

சுற்றுச்சூழல் துறையும் சாலைப் போக்குவரத்துத் துறையும் துகள் எண்ணும் சோதனையைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டும். வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகின்றன. அந்த ஏற்பாட்டிலேயே இதையும் சேர்க்கலாம். அதோடு, ஒன்றிரண்டு லோரி வைத்திருக்கும் சிறு முதலாளிகள் வடிகட்டியைச் சாம்பல் நீக்கிச் சுத்தம் செய்யக் குறைந்த வட்டிக் கடனோ மானியமோ கிடைத்தால், அறுத்தெறியும் எண்ணமே வராது. தண்டனையை மட்டும் காட்டினால் பட்டறைக்காரனின் குறுக்கு வழிதான் வெல்லும்.

விளக்கு எரிவது லோரி உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, உங்களோடு பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் மூன்று முறை பேசினால் கேட்டுக்கொண்டு போகலாம். ஒரே நாளில் மூன்று முறை பேசினால் லோரியைப் பட்டறைக்குக் கொண்டு போய்க் காரணத்தைக் கேளுங்கள். அதன் வாயை அடைக்க மட்டும் காசு கொடுக்காதீர்கள்.